எதையும் குறிக்காத கல்

அக்கா,

எங்கள் கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஒரு வங்கி வருகிறது. இரண்டு நாளாகத் தரைக்குக் கிரானைட் அறுக்கிறார்கள். மெஷின் சத்தம் கூடப் பரவாயில்லை, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கல்லை அறுக்கும்போது ஒரு வாசனை வருமே, புதுமழை மண்ணும் கருகிய இரும்பும் கலந்தாற்போல, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று காலை ஒருவருக்குக் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க மனு அடித்துக்கொண்டிருந்தேன். வாசனை படியிறங்கி வந்தது. என்னையறியாமல் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துவிட்டேன். மொபெட்டை நிறுத்திவிட்டு, முந்தானையால் புருவத்துத் தூசியைத் துடைத்தபடி நீங்கள் உள்ளே வரப்போகிறீர்கள் என்று.

"என்னாம்மா, யாரனா வராங்களா?" என்றார் மனு அடிக்க வந்தவர்.

"இல்லீங்க" என்றேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அவரை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமும் அடுத்தவர்களுக்காகவே எழுதியவள். என் பெயரில் நானே எழுதும் முதல் மடல் இதுதான்.

நீங்கள் முதன்முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றால் எங்கள் வரிசைக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் மனுவோடு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் கல்தூசி படிந்த சேலையோடு, கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு நின்றீர்கள். சிற்பிகளுக்கான உதவித்தொகைப் படிவம். நான் அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பெயர், வயது, ஊர் அடி அண்ணாமலை, படிப்பு சென்னையில் ஐந்து வருஷம் சிற்பக்கலை. அங்கே நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன்.

"தொழில் என்னான்னு போடட்டும்க்கா?"

"கல்லுல எழுத்து வெட்டறது. தெறப்பு விழா கல்வெட்டு, சமாதிக் கல்லு. அது சோத்துக்கு."

"அப்ப இந்த ஃபோட்டோல இருக்கறது?"

"அது எனக்கு."

கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். 'படைப்பு எதைக் குறிக்கிறது? விளக்குக' என்று கேட்டு அரைப்பக்கம் காலியாக விட்டிருந்தார்கள்.

"ஒன்னுத்தையும் குறிக்கலனு போடுங்க" என்றீர்கள்.

"அப்படி போட்டா தூக்கி ஓரமா வெச்சிடுவாங்கக்கா. எதனா ஒன்னு போடணும். இயற்கை, அமைதி, பெண்களோட பெருமை, இந்த மாதிரி."

"அதெல்லாம் இருக்கற கல்லு வேற யார்கிட்டயாவது இருக்கும். என்கிட்ட இருக்கறதுல இல்லம்மா."

வரிசையில் நின்ற ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "சாமி சிலையா, தலைவர் சிலையா, அத மொதல்ல சொல்லும்மா" என்றார்.

"ரெண்டும் இல்லீங்க. சும்மா கல்லு."

"சும்மா கல்லுக்கு எதுக்கும்மா மனு?"

கடையே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் நீங்கள்தான். அந்தச் சிரிப்பில் கோபம் துளியும் இல்லை. அப்போதே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. நீங்கள் சொன்னபடியே ஒரே வரி அடித்துக் கொடுத்தேன். வருத்தத்துடன் நிராகரிக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த வருஷமும் வந்தீர்கள். அதற்கடுத்த வருஷமும். புதுக் கல், புதுப் படம், அதே ஒரு வரி, அதே வருத்தம்.

நடுவில் படிவம் இல்லாமலும் வரத் தொடங்கினீர்கள். கூட்டம் கம்மியாக இருக்கிற பிற்பகல்களில் எதிர்க்கடை டீயை வாங்கிக்கொண்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்காருவீர்கள். "நீயும் நானும் ஒரே தொழில்தான் செல்வி. அடுத்தவங்க சொல்றத எழுதறோம். நீ பேப்பர்ல, நான் கல்லுல" என்று ஒருநாள் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் 'நீங்க' என்பது 'நீ'யாக மாறியது. நான் கவனித்தேன், சொல்லிக்கொள்ளவில்லை.

பாகம் பிரித்த கதையை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. கல்யாணமாகிப் போன மூன்றாம் வருஷம் நீங்கள் தனியாகத் திரும்பி வந்திருந்தீர்கள். அப்பா போனதும் அண்ணன் நிலத்தைப் பிரித்தார். கிணறும் மல்லாட்டை விளையும் செம்மண்ணும் அவர் பக்கம். உங்களுக்கு ஓரத்தில் இருந்த பாறை மேடு. கையெழுத்துப் போடும்போது அவரால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். "நான் உள்ளுக்குள்ள குதிச்சிக்கினு இருந்தேன் செல்வி. அவருக்குத் தெரிஞ்சா மாத்திடுவாரோனு மூஞ்ச உம்முனு வெச்சிக்கினேன்" என்பீர்கள். அந்தப் பாறை மேட்டில்தான் தகரக் கொட்டகை போட்டீர்கள். வெட்ட வெட்டக் கல்.

ஐந்தாம் வருஷம் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

உங்கள் மேல் இருந்த பிரியத்தில்தான் செய்தேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் எழுத்து மேல் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நான் எழுதிய மனு நிற்கும் என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து கூட ஆள் தேடி வருவார்கள். ஒரு வரியை அடித்துக் கொடுத்து வருஷா வருஷம் தோற்பது என் தோல்வி போலவும் இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி அடித்தேன். 'இந்தச் சிற்பம் தாய்மையின் தவிப்பைக் குறிக்கிறது' என்று ஆரம்பித்து அரைப்பக்கம். கட்டம் நிரம்பிவிட்டது.

தேர்வாகிவிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் மொபெட்டில் வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஒன்னுத்தையும் குறிக்கலனு போட்டே எடுத்துட்டாங்க பாரு!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தேர்வான சிற்பங்களுக்குச் சென்னையில் கண்காட்சி, அதில் சிறந்ததற்குப் பரிசு. லாரியில் சென்னைக்குப் போனோம். கல்லை வைக்கோலும் சாக்கும் சுற்றி முந்தின நாளே ஏற்றியிருந்தீர்கள். பெரிய மண்டபம், பதினொரு மணிக்குத் திறப்பு. மூன்றாவது வரிசையில் நான். தேர்வுக்குழுத் தலைவர், நரைத்த தாடி, மெல்லிய குரல், ஒவ்வொரு சிற்பத்தின் விளக்கத்தையும் வாசித்துக்கொண்டு வந்தார். உங்கள் முறை வந்தது. என் வாக்கியம் ஒலிபெருக்கியில் கேட்டது. கல் மேடைக்கு இடப்பக்கம் நின்றது. நான் கல்லைப் பார்க்கவில்லை அக்கா. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்று. கைதட்டினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகுதான் நீங்கள் திரும்பி என்னைத் தேடியதைக் கண்டேன். தேடி, கண்டுபிடித்து, என் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள்.

மைக்கை வாங்கினீர்கள். குரல் உயரவே இல்லை. "மன்னிக்கணும். இதுல தாய்மை எதுவும் இல்லீங்க. எனக்கு ஒரு கொழந்தை பொறந்து மூணாம் நாள் போயிடுச்சு. அத நான் எந்தக் கல்லுலயும் வெச்சதில்ல, வெக்கவும் மாட்டேன். இது கல்லு. இது எதனா ஒன்னக் குறிச்சாதான் வெச்சிக்குவோம்னா வண்டி வெளியதான் நிக்குது."

தலைவர் கையில் இருந்த காகிதத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். விண்ணப்பத்தில் இருப்பதும் சிற்பி சொல்வதும் வேறாக இருந்தால் விதிப்படி வைக்க முடியாது என்று யாரோ அவர் காதில் சொன்னார்கள். நீங்கள் தலையாட்டினீர்கள். சண்டை போடவில்லை. ரெண்டு மணிக்குக் கல் லாரியில் ஏறிவிட்டது.

குழந்தை பிறந்ததே எனக்குத் தெரியாது. ஐந்து வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தும் தெரியாது. தெரியாமல் அந்தச் சொல்லையே பொறுக்கி எடுத்து எழுதியிருக்கிறேன்.

திண்டிவனம் தாண்டும்வரை நீங்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். டிரைவர் ரேடியோவைப் போட்டார், பிறகு அவரே அணைத்தார். செஞ்சியில் டீக்கு நிறுத்தினபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் டம்ளரைக் கையில் பிடித்தபடி அழுதேன்.

"நீ எழுதுனது நல்லாதான் இருந்துச்சு செல்வி" என்றீர்கள். "ஆனா அது உன்னுது. என் கல்லு மேல ஏன் ஒட்டுன?"

"ஜெயிக்கணும்னுதான்க்கா."

"சரி. ஒன்னு கேக்கறேன், நெஜமா சொல்லு. அந்தக் கல்லப் பாத்தா உனக்கு என்னா தோணுது?"

டம்ளரைக் கீழே வைத்தேன். கொட்டகைக்கு நான் ஒருதரம் கூட வந்ததில்லை. திங்கட்கிழமைக் கூட்டம், வீடு, பிள்ளைகள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஐந்து படிவம் அடித்திருக்கிறேன், ஐந்து படம் ஒட்டியிருக்கிறேன். ஒரு கல்லையும் பார்த்ததில்லை.

நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. டீயைக் கீழே ஊற்றிவிட்டு லாரியில் போய் உட்கார்ந்தீர்கள். கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். ம் என்றீர்கள், அவ்வளவுதான்.

மூன்று வாரம் நீங்கள் கடைக்கு வரவில்லை. நான்காம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வேனில் என்னை அடி அண்ணாமலையில் இறக்கிவிட்டார். நீங்கள் முகமூடி கட்டிக்கொண்டு ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தும் மெஷினை நிறுத்தவில்லை. கட்டைவிரலால் கொட்டகைக்குப் பின்பக்கம் காட்டினீர்கள்.

சென்னை போய் வந்த கல் அங்கே வேப்பமர நிழலில் நின்றது. ஆளுயரத்துக்கு மேலே. ஒரு பக்கம் பாறையிலிருந்து பிளந்து வந்தபடியே கரடுமுரடாக, உளி படாமல். சுற்றி வந்தால் மறுபக்கம் மெல்ல உள்வாங்கி, ஒரு ஆள் தோளைச் சாய்க்கலாம் போல ஒரு குழிவு, தண்ணீர் மாதிரி வழுவழுப்பு. கரடு எங்கே முடிந்து வழுவழுப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொரு சுற்றுப் போனேன். வெயில் நகர்ந்ததும் குழிவுக்குள் நிழல் நகர்ந்தது, கல்லே மூச்சு இழுத்த மாதிரி இருந்தது. கையை வைத்தேன். ஒரு பக்கம் சுட்டது, ஒரு பக்கம் சில்லென்றிருந்தது. எத்தனை சுற்று சுற்றினேனோ தெரியாது. மெஷின் நின்று ரொம்ப நேரமாகியிருந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

"என்னா தெரிஞ்சுது?" என்று பின்னாலிருந்து கேட்டீர்கள்.

"ஒன்னும் தெரியலக்கா. ஆனா வுட்டுட்டுப் போகப் பிடிக்கல."

கைதட்டினீர்களே அக்கா! தூசி பறக்கக் கைதட்டி, "அதப் போடு! அடுத்த வருஷம் அதப் போடு!" என்று கத்தினீர்கள். எதிரே அண்ணாமலை நின்றது. "அதோ, இங்கருந்து பாத்தா அது ஒரு மாதிரி இருக்கு, உங்க வேங்கிக்கால்ல ஒரு மாதிரி இருக்கு. சுத்தி வரவங்க யாராவது அது எதக் குறிக்குதுனு கேக்கறாங்களா?"

"அது சாமிக்கா. மலையே சாமி. அது எதுக்கு இன்னொன்னக் குறிக்கணும்?"

"அதான். என் கல்லு சாமி இல்ல. ஆனா அதுவும் அதுவாதான் இருக்கு."

அடுத்த வருஷம் அதே கல்லுக்கு விண்ணப்பம் அனுப்பினோம். கடைசிக் கட்டத்தில் நான் அடித்தது: 'இது எதைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதை விட்டுப் போக மனம் வரவில்லை. இப்படிக்கு, விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர்.' என் வாழ்க்கையில் அடித்த மனுக்களிலேயே சின்னது அதுதான்.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் கொட்டகைக்கு ஒரு கார் வந்தது. அந்தத் தாடிக்காரத் தலைவரே இறங்கினார். "வேலூர் வரைக்கும் வந்தேன், அப்படியே இங்கயும். பத்து நிமிஷம் பாத்துட்டுக் கிளம்பிடறேன்" என்றார். வேப்பமரத்தைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தீர்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், மல்லாட்டை உரித்துக் கடலையைக் கொறித்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. ஒரு சுற்று வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு சுற்று. டிரைவர் ரெண்டு தரம் ஹாரன் அடித்தார். சாயங்காலம் நாலரைக்குத்தான் அவர் கொட்டகைக்குள் வந்தார்.

"அன்னைக்கு நான் காகிதத்ததான் வாசிச்சேம்மா" என்றார். "கல்லு பக்கத்துலயே நின்னுக்கிட்டு."

"இவளும்தான் சார்" என்று என்னைக் காட்டினீர்கள். மூன்று பேரும் சிரித்தோம்.

முதல் பரிசு. அதே மண்டபம், அதே மைக். என் இரண்டு வரியை அவர் வாசித்து முடித்ததும் நீங்கள் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். கிளிப்பச்சைப் பட்டுச்சேலையில் நான் அத்தனை பேர் முன்னால் நிற்கிறேன். "இத எழுதுனவங்க இவங்க. வேங்கிக்கால்ல மனு எழுதறாங்க. என் கல்ல மொதல்ல பாத்தவங்க" என்றீர்கள். முதலில் பார்த்தவள்! ஐந்து வருஷம் பார்க்காதவளை அப்படிச் சொன்னீர்கள். அன்று கூட்டம் கலையவே மாட்டேன் என்றது. கல்லைச் சுற்றிச் சுற்றி ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

அதன்பிறகு உங்களுக்கு ஓய்வே இல்லை. எத்தனை ஊர், எத்தனை லாரி! கடல் தாண்டியும் இரண்டு கல் போயிற்று. அதற்கான ஆங்கிலப் படிவங்களை நான் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். சமாதிக் கல் வெட்டுவதை நிறுத்தினீர்கள். பரிசு வாங்கிய அந்தக் கல் மட்டும் சென்னையில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. பெரிய கட்டிடங்கள் கேட்டும் கொடுக்கவில்லை, "இது நம்ம ஊர்ல நிக்கட்டும்" என்றீர்கள். வேங்கிக்காலில் புது வீடுகளுக்கு நடுவே இருக்கும் சின்னப் பூங்காவில் அதை நிறுத்திய அன்று கிரேனைப் பார்க்கவே பாதி ஊர் கூடிவிட்டது. உங்கள் அண்ணனும் வந்திருந்தார், வெள்ளை வேட்டியில், கூட்டத்தின் ஓரத்தில். கல் நிமிர்ந்து நின்றதும் மெதுவாகக் கிட்டே வந்தார்.

"இது அந்த மேட்டுக் கல்லா?"

"ஆமாண்ணா."

"நம்ம மேட்டுக் கல்லா!" என்று மறுபடி கேட்டார். கையை வைத்துப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "அன்னைக்கு நான் உனக்குப் பண்ணது..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணா, நீ எனக்குக் கம்மியா குடுக்கல. ஜாஸ்தியா குடுத்துட்ட" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டீர்கள். அவர் அழுதார். நீங்கள் சிரித்தீர்கள்.

கடைசியில் மூச்சுதான் உங்களைத் தோற்கடித்தது. அத்தனை வருஷத் தூசி. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். குழாய் மாட்டிய மூக்கோடு, "நுரையீரல ஃபோட்டோ புடிச்சிக் காட்னாங்க செல்வி. நல்லா செதுக்கியிருக்கேன்" என்றீர்கள். நான் திட்டினேன். அதற்கும் சிரிப்பு. உங்களை எடுத்த அன்று பூங்காவில் நடைக்கு வருகிறவர்கள், லாரி டிரைவர்கள், சென்னையிலிருந்து அந்தத் தாடிக்காரர், எல்லாரும் வந்தார்கள். அண்ணன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறேன். முன்பெல்லாம் மனு என்றால் எனக்கு ஒரு அச்சு இருந்தது. மிகவும் ஏழ்மையான குடும்பம், வேறு ஆதரவு இல்லை, கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு அப்படி மூன்று மனு எழுதியிருக்கிறேன். அதைப் படித்தால் அவருக்கு என்ன வேண்டும் என்றே யாருக்கும் புரியாது. நாலாவது தடவை போன மழைக்காலத்தில் வந்து நின்றார். டைப் அடிக்கப் போன கையை எடுத்துவிட்டேன். "எந்த எடம்மா? வாங்க, பாக்கலாம்" என்று கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

சுற்றி வந்து பார்த்தேன். தெருவை மேடாக்கிப் போட்ட ரோடு மழைத்தண்ணீரை அவர் சமையலறைக்குள் திருப்பிவிடுகிறது. சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு என் முழங்கால் உயரத்தில் இருந்தது. அடுப்பைக் கட்டில் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பார்த்ததை மட்டும் எழுதினேன், ஆறு வரி. அதைப் படித்துவிட்டு அதிகாரி ஒருவர் தானே வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு தெருவோரம் கால்வாய் வெட்டினார்கள்.

போன வாரம் நல்ல மழை அக்கா. மறுநாள் காலை கடை திறந்துகொண்டிருக்கிறேன், எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து அந்த அம்மா இறங்குகிறார். ரோட்டைக் கடக்கக்கூடப் பொறுக்கவில்லை. அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கி, போகிற வண்டிகளுக்கு மேலாகக் கத்துகிறார்:

"செல்வியம்மா! தண்ணி வெளிய போவுது! வூட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல!"

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நானும் ரோட்டோரத்துக்கு ஓடிப்போய், ஜனங்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, கைதட்டினேன்.

உங்கள்,
செல்வி